மூன்றாம் சாலார் ஜங்: தொகுத்தவர் ஒருவரின் வாழ்க்கை

பாடினோரைப் போற்றும் அளவிற்குத் தொகுத்தோரைப் போற்றுவது நம் வழக்கமன்று. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்பது படித்தோர் அறிந்த செய்தி. அப்பெயருக்கு மேல் அவரைப் பற்றி நாம் அறிவது ஏதுமில்லை. நற்றிணையைத் தொகுப்பித்தவன் பன்னாடு தந்த மாறன் வழுதி என்று தெரிகின்றது. தொகுத்தவர் யார் என்பதோ மறைந்தே போயிற்று. வேறு வேறு நிலங்களில், வேறு வேறு காலங்களில், ஒருவரை ஒருவர் அறியாத புலவர்கள் பாடியவற்றைத் தேடிச் சேர்த்து, அடியளவு கண்டு, வரிசைப்படுத்தி வைத்த அந்தக் கைகள் இல்லையேல் அப்பாடல்கள் நம்மிடம் வந்து சேர்ந்திரா. ஆயினும் தொகுத்தவன் பாடலுள் இல்லை. பாடலுக்கு வெளியே நிற்கின்றான்.

பொருள்களைத் தொகுத்தோரும் இவ்வினத்தவரே. தாம் செய்யாதவற்றைத் தேடிச் சேர்ப்பதிலேயே வாழ்நாளைச் செலவிடுவோர் அவர்கள். பழங்கண்ணாடி, பழவெள்ளி, பழம்பீங்கான் என்று தேடியலையும் ஒருவரை ஊரார் விந்தையாகப் பார்ப்பர். செல்வர் எனில் பொழுதுபோக்கு என்பர். வறியவர் எனில் பித்து என்பர். அவர் மறைந்த பின்னரே அந்தச் சேகரம் என்ன ஆகின்றது என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவிற்குக் கிடைக்கும் விடையே அவர் வாழ்க்கையின் பொருளையும் உறுதி செய்கின்றது எனலாம்.

இந்திய நாட்டில் இதற்குச் சாலச் சிறந்த சான்று ஐதராபாத்தின் நவாப் மூன்றாம் சாலார் ஜங் ஆவார். மூசி ஆற்றின் தென்கரையில் அவர் பெயரால் நிற்கும் அருங்காட்சியகத்தைக் கண்டோர் நம் வட்டத்திலும் பலர் இருக்கக்கூடும். மணி அடிக்கும் கடிகாரத்தையும், முக்காடிட்ட பளிங்குப் பெண்ணையும் கண்டு வியந்து திரும்பியோருள், அவற்றைச் சேர்த்தவரின் வாழ்வை அறிந்தோர் சிலரே. அவ்வாழ்வைச் சுருங்கச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திவான்களின் குடும்பம்

ஐதராபாத் நிஜாம்களின் அரசில் தலைமை அமைச்சரைத் திவான் என்று அழைத்தனர். சாலார் ஜங் குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாக அப்பதவியை வகித்தவர்கள். ஐதராபாத்தில் இன்றும் மீர் ஆலம் ஏரி என்னும் பெயரால் வழங்கும் நீர்நிலைக்குப் பெயர் தந்த மீர் ஆலம் இக்குடும்பத்தின் முன்னோருள் ஒருவர்.

இவருடைய பாட்டனார் மீர் துராப் அலி கான். முதலாம் சாலார் ஜங் என்று வரலாறு கூறுவது இவரையே. 1829இல் பிறந்த இவர் தம் 24ஆம் வயதில், 1853இல், திவான் ஆனார். 1883இல் மறையும் வரை 30 ஆண்டுகள் அப்பதவியில் இருந்து, கடனில் மூழ்கிக் கிடந்த அரசைக் கரையேற்றினார். நாட்டை மாவட்டங்களாகப் பகுத்ததும், வருவாய்த் துறையைச் சீர்ப்படுத்தியதும் இவர் காலத்தே. 1876இல் ஐரோப்பாவிற்குச் சென்றபோது இத்தாலியச் சிற்பி பென்சோனி வடித்த முக்காடிட்ட ரெபேக்கா என்னும் பளிங்குச் சிலையை இவர் வாங்கினார். கல்லிலே மெல்லிய துணியைக் காட்டிய அந்தச் சிலை பேரனின் சேகரத்திற்கு முந்தியது. ஆயினும் அச்சேகரத்தின் முதல் விதை அதுவே என்று கொள்வது பொருந்தும்.

தந்தையார் மீர் லாயிக் அலி கான், இரண்டாம் சாலார் ஜங். 1884 முதல் 1887 வரை திவானாக இருந்தவர். அவருக்கு 1889ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் புனே நகரில் ஒரே மகன் பிறந்தான். குழந்தைக்கு மீர் யூசுப் அலி கான் எனப் பெயரிட்டனர். அவ்வாண்டு ஜூலை 7ஆம் நாள், குழந்தைக்கு ஒரு திங்கள்கூட நிறையாத நிலையில், தந்தையார் மறைந்தார். பாட்டனாரைக் கண்டதில்லை, தந்தையாரை அறிந்ததில்லை. ஒரு பெரும் பெயரும், பரந்த ஜாகீர் நிலங்களும், பொருள்கள் நிறைந்த ஓர் அரண்மனையுமே அக்குழந்தைக்கு உரிமையாயின.

அந்த அரண்மனையின் பெயர் திவான் தேவ்டி. அதில் ஆயினா கானா என்று ஒரு கண்ணாடி மண்டபம் இருந்தது. சீனி கானா என்று பீங்கான் பதித்த சுவர்களை உடைய மண்டபமும் இருந்தது. தாய்மடிக்கு அப்பால் அக்குழந்தை முதலில் கண்ட உலகம் கண்ணாடியும் பீங்கானுமே. முன்னோரை மனிதர்களாகக் காணக் கொடுத்துவைக்காத ஒருவர், அவர்கள் விட்டுச் சென்ற பொருள்களிலேயே அவர்களைத் தேடியிருக்கக்கூடும். பின்னாளில் அவர் மேற்கொண்ட பெருந்தேடலுக்கு இதனையும் ஒரு காரணமாகக் கருதலாம்.

இருபத்து மூன்றில் திவான்

ஆறாம் நிஜாம் மகபூப் அலி கான், தந்தையற்ற இக்குழந்தையின் சொத்துகளை அரசின் மேற்பார்வையில் வைத்துக் காத்தார். நிஜாம் கல்லூரியில் கல்வி பெற்ற யூசுப் அலி கானுக்குக் குடும்பப் பட்டமாகிய சாலார் ஜங் என்பதும் வழங்கப்பெற்றது. 1911இல் ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் அரியணை ஏறினார். அடுத்த ஆண்டே, 1912இல், மகாராஜா கிஷன் பிரசாத்திற்குப் பின் சாலார் ஜங்கைத் தம் தலைமை அமைச்சராக அமர்த்தினார். அப்போது அவருக்கு வயது 23.

பாட்டனார் 30 ஆண்டுகள் வகித்த பதவியைப் பேரன் வகித்தது இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றே மேல். 1914 நவம்பரில் அவர் பதவியை விட்டு விலகினார். அதன்பின் 1919 வரை நிஜாம் திவான் எவரையும் அமர்த்தாமல் தாமே ஆட்சியை நடத்தினார். அரசியலில் மீண்டும் முதலிடம் பெறச் சாலார் ஜங் முயலவில்லை. 25 வயதில் பெரும் பதவியை இழந்தவர்கள் எஞ்சிய வாழ்வை மனக்கசப்பிலும் சூழ்ச்சியிலும் கழித்த கதைகள் எந்த அரண்மனையிலும் உண்டு. அவ்வழியில் இவர் செல்லவில்லை. தம் காலத்தையும், ஜாகீரின் வருவாயையும், மனத்தையும் கலைப்பொருள்களின்பால் திருப்பினார். அவர் மணம் செய்துகொள்ளவும் இல்லை.

முப்பத்தைந்து ஆண்டுத் தேடல்

1914 முதல் 1949 வரை ஏறத்தாழ 35 ஆண்டுகள் இத்தேடல் நடைபெற்றது. ஐரோப்பாவிற்கும் மேற்காசிய நாடுகளுக்கும் அவரே சென்று வாங்கினார். வெளிநாடுகளில் அவருக்காகப் பொருள் தேடித் தரும் முகவர்கள் இருந்தனர். செய்தி பரவிய பின் விற்போரே திவான் தேவ்டியின் வாயிலைத் தேடி வரலாயினர். அங்குக் கவிஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் ஆதரவு இருந்தது. பொருள்களை நேசித்தவர் சொற்களையும் நேசித்தார் என்பதற்கு அவர் சேர்த்த அரபு, பாரசீக, உருதுச் சுவடிகளும் நூல்களுமே சான்று.

அவர் இன்னதுதான் சேர்ப்பேன் என்று வரம்பு கட்டிக்கொண்டவர் அல்லர். முகலாயர் காலத்துப் பச்சை மணிக்கல் வேலைப்பாடுகள், தந்தச் சிற்பங்கள், நுண்ணோவியங்கள், கம்பளங்கள், படைக்கலங்கள் ஆகியவற்றோடு கைத்தடிகளும் கடிகாரங்களும் சேர்ந்தன. ஜஹாங்கீரின் குறுவாளும் நூர்ஜஹானின் பழக்கத்தியும் என்று சொல்லப்படுவன ஒருபுறம். குழந்தைகள் விளையாடும் பொம்மைப் படைவீரர்கள் மறுபுறம். குழந்தைப் பருவத்தைத் தனிமையில் கழித்த ஒருவர் முதிர்ந்த வயதிலும் பொம்மைகளைத் தேடி வாங்கினார் என்பது நெஞ்சைத் தொடுவதாகும்.

இன்று அருங்காட்சியகத்தில் உள்ளவற்றைக் கணக்கிட்டோர், கலைப்பொருள்கள் சுமார் 43,000 என்றும், சுவடிகள் சுமார் 9,000 என்றும், அச்சு நூல்கள் சுமார் 47,000 என்றும் கூறுவர். பாட்டனாரும் தந்தையாரும் சேர்த்தவையும் இதில் அடங்கும். பெரும்பகுதி இவர் ஒருவரின் உழைப்பே. தனியொருவர் திரட்டிய சேகரங்களுள் உலக அளவில் பெரியவற்றுள் ஒன்று இது.

பீங்கானும் கண்ணாடியும்

இச்சேகரத்தில் நம் மனத்தைக் கவர்வன எளிதில் உடையும் பொருள்களே. கல்லும் செம்பும் தாமே தம்மைக் காத்துக்கொள்ளும். பீங்கானும் கண்ணாடியும் ஒவ்வொரு நாளும் ஒருவருடைய கவனத்தால் மட்டுமே பிழைக்கின்றன. 200 ஆண்டு பழைய கண்ணாடிக் குவளை ஒன்று நம் முன் முழுமையாக நிற்கின்றது எனில், அதனை எடுத்தோரும், துடைத்தோரும், வைத்தோரும் 200 ஆண்டுகளாகக் கை தவறவில்லை என்பது பொருள்.

கயோலின் என்னும் வெண்களிமண்ணையும் ஒருவகைப் பாறைப்பொடியையும் கலந்து, 1,300 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் சுட்டால் ஒளி ஊடுருவும் பீங்கான் பிறக்கின்றது. சீனர் நெடுங்காலம் காத்த இத்தொழில் நுட்பத்தை ஐரோப்பியர் அறிந்தது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். 1710இல் சாக்சனி நாட்டின் மைசன் நகரில் முதல் ஐரோப்பியப் பீங்கான் ஆலை தோன்றியது. பிரான்சின் செவ்ர ஆலையும், இங்கிலாந்தின் வெட்ஜ்வுட் ஆலையும் அந்நூற்றாண்டிலேயே புகழ் பெற்றன. இவ்வாலைகளின் தட்டுகளும் கிண்ணங்களும் பதுமைகளும் சாலார் ஜங்கின் அறைகளில் இடம்பெற்றன.

அவற்றோடு சீனத்துப் பச்சைப் பீங்கான் கலங்களும் இருந்தன. செலடான் என்று கலைநூலார் கூறும் இவற்றை இந்நாட்டில் கோரி என்று வழங்கினர். நஞ்சு கலந்த உணவு பட்டால் இக்கலம் நிறம் மாறும் அல்லது வெடிக்கும் என்று மன்னர்கள் நம்பினர். அந்நம்பிக்கை மெய்யன்று. ஆனால் அது அக்கலங்களைக் காத்தது. உயிர் காக்கும் என்று நம்பி மன்னர் போற்றியவற்றை அழகு கருதிப் பின்னோர் போற்றினர்.

பீங்கானும் கண்ணாடியும் தமிழகத்திற்குப் புதியன அல்ல. இராமநாதபுரம் கடற்கரைப் பெரியபட்டினத்திலும், கங்கைகொண்ட சோழபுரத்திலும் நடந்த அகழாய்வுகளில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் கண்ணாடி மணிகள் செய்து கடல் கடந்து அனுப்பினர். ஆயினும் அங்கெல்லாம் நமக்குக் கிட்டியவை ஓடுகளும் மணிகளுமே. முழுக் கலத்தை எடுத்து வைத்துக் காத்தவர் இலர். உடைந்தது மண்ணுள் புகுந்தது; மண் அதனைக் காத்தது.

கண்ணாடியில் வெனிசு, பொகீமியா, பிரான்சு, இங்கிலாந்து நாட்டு வேலைப்பாடுகளைச் சாலார் ஜங் திரட்டினார். வெனிசு நகரத்தார் தீ விபத்துக்கு அஞ்சி 1291இல் தம் கண்ணாடி உலைகளை முரானோ தீவிற்கு மாற்றினர். அன்றுமுதல் முரானோ கண்ணாடிக்குப் பெயர் பெற்றது. பொகீமியாவில் நிறமற்ற கண்ணாடியின்மேல் செந்நிறக் கண்ணாடியைப் போர்த்திப் பின் வெட்டிப் பூ வேலை செய்தனர். இவற்றோடு முகலாயர் காலத்துக் கண்ணாடி உக்கா அடிக்கலங்களையும் அவர் சேர்த்தார். மேலைநாட்டுச் செல்வம் மட்டுமே கண்டு மயங்கியவர் அல்லர் என்பதற்கு அவையே சான்று.

வெள்ளியின் எடையும் வேலைப்பாடும்

உடையும் என்பதே பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் உள்ள இடர். வெள்ளிக்கு உள்ள இடர் வேறு. அது உடைவதில்லை, உருக்கப்படுகின்றது. குடும்பத்தில் ஒரு முடை வந்தால் முதலில் வெளியேறுவது வெள்ளிப் பாத்திரம். அதனை வாங்குவோன் வேலைப்பாட்டிற்கு விலை தருவதில்லை, தராசில் வைக்கின்றான். பூவும் கொடியும் செதுக்கியவனின் மூன்று திங்கள் உழைப்பு ஒரு நொடியில் கட்டி வெள்ளியாகின்றது.

காஞ்சியைச் சூழ வாழும் நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பாட்டியின் பட்டுப்புடைவையை எடைக்கு எடுப்போர் தெருத்தெருவாக வருவதை நாம் அறிவோம். புடைவையை எரித்து அதன் ஜரிகையிலிருந்து வெள்ளியைப் பிரிப்பர். தறியில் இருவர் அமர்ந்து கோர்வை சேர்த்து நெய்த கரையும், பேட்டு பிடித்த முந்தியும், அவற்றில் அமைந்த அன்னமும் யாளியும் சாம்பலாகும். எஞ்சும் வெள்ளிக்கு அன்னம் என்றும் யாளி என்றும் பெயரில்லை.

சாலார் ஜங்கின் அறைகளில் வெள்ளி அவ்வாறு அழியாமல் நின்றது. ஐதராபாத் அரசிற்கு உட்பட்டிருந்த கரீம்நகரில் மயிரிழை போன்ற வெள்ளிக் கம்பிகளை முறுக்கி, வளைத்து, ஒட்டி அத்தர்ச் சிமிழ்களும் வெற்றிலைப் பெட்டிகளும் செய்தனர். பீதரில் துத்தநாகத்தோடு சிறிது செம்பு கலந்து வார்த்த கலத்தின்மீது கோடு கீறி, அக்கோட்டில் வெள்ளியைத் தட்டிப் பதித்தனர். பின்னர் பீதர்க் கோட்டையின் மண்ணையும் நவச்சாரத்தையும் கலந்த நீரில் இட, கலம் கரிய நிறம் பெறும். வெள்ளி மட்டும் வெண்மை மாறாது நிற்கும். இருளில் மின்னல் எழுதியது போன்ற இவ்வேலைப்பாட்டைப் பிதிரி என்பர். ஐரோப்பிய வெள்ளிக் கலங்களுக்குப் பக்கத்திலேயே உள்ளூர்க் கைவினைஞரின் பிதிரிக் கலங்களையும் அவர் வைத்தார்.

எடைக்கு விலை பேசும் உலகில் வேலைப்பாட்டிற்கு விலை தர ஒருவர் இருந்தார் என்பதே இங்கு நாம் நினைக்க வேண்டியது. அவ்விலை எங்கிருந்து வந்தது என்பதையும் மறைத்தல் கூடாது. கொப்பள் முதலிய பகுதிகளில் பரவிக் கிடந்த ஜாகீர் நிலங்களின் வருவாயே அது. அங்கு வறண்ட நிலத்தை உழுது வரி செலுத்திய குடியானவர், தம் வரி செவ்ர பீங்கானாகவும் பொகீமியக் கண்ணாடியாகவும் மாறியதை அறியார். ஆகவே அச்சேகரம் ஒருநாள் மக்களிடம் திரும்பி வந்தாக வேண்டும் என்பதில் ஓர் அறம் இருக்கின்றது.

1949

1948 செப்டம்பரில் இந்தியப் படை ஐதராபாத்தில் நுழைந்தது. நிஜாமின் ஆட்சி முடிவிற்கு வந்தது. அதற்கு ஆறு திங்கள் கழித்து, 1949ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள், தம் 59ஆம் வயதில் சாலார் ஜங் மறைந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் ஐதராபாத்தின் ஜாகீர்கள் அனைத்தும் ஒழிக்கப்பட்டன. அவர் பிறந்த உலகம் அவரோடே முடிந்தது எனலாம்.

மனைவி இல்லை, மக்கள் இல்லை. பல அரண்மனைகளில் சிதறிக் கிடந்தன பொருள்கள். உரிமை கோரி உறவினர் பலர் முன்வந்தனர். பழம்பொருள் சேகரங்களின் வரலாற்றில் இதுவே மிகவும் இடர் நிறைந்த வேளை. சேர்த்தவர் கண்மூடியதும் சேகரம் பங்குகளாகப் பிரியும். பங்குகள் ஏலத்திற்குச் செல்லும். ஏலத்தில் போனவை மீண்டும் ஒன்று சேர்வதில்லை. செட்டிநாட்டு மாளிகைகள் பல இடிக்கப்பட்டபோது அவற்றின் பெல்ஜியக் கண்ணாடிகளும் பீங்கான் சாடிகளும் காரைக்குடியின் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்ததை நாம் அறிவோம். பொருள்கள் அங்கும் அழிவதில்லை. ஆனால் எந்த வீட்டில், யார் கையில், எந்தத் திருமணத்திற்கு வந்தவை என்னும் செய்தி அழிகின்றது.

திவான் தேவ்டிக்கு அந்நிலை நேரவில்லை. சாலார் ஜங்கின் உடைமைகளைப் பொறுப்பேற்று நடத்த அரசு ஒரு குழுவை அமைத்தது. சேகரத்தை அருங்காட்சியகமாக்கும் எண்ணம் உருவாயிற்று. சிதறிக் கிடந்தவற்றை ஒழுங்குபடுத்தித் தருமாறு கலைத் திறனாய்வாளர் ஜேம்ஸ் கசின்சை அழைத்தனர்.

கசின்சைப் பற்றி ஒரு சொல் கூற வேண்டும். அவர் அயர்லாந்தில் 1873இல் பிறந்த கவிஞர். 1915இல் அன்னி பெசன்ட் அம்மையாரின் அழைப்பில் இந்தியா வந்து, அடையாற்றிலும் மதனப்பள்ளியிலும் ஆசிரியப் பணி புரிந்து, 1956இல் மதனப்பள்ளியிலேயே மறைந்தவர். 1935இல் திருவனந்தபுரத்தில் சித்திராலயம் என்னும் ஓவியக் கூடம் அமைவதற்கும் துணை நின்றவர். ஒரு கவிஞரே அந்தப் பெருங்குவியலுள் புகுந்து இனம் பிரித்து அடுக்கினார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. தொகுப்பித்தவர் ஒருவர், வரிசைப்படுத்தியவர் மற்றொருவர். நம் பழந்தொகை நூல்களின் வரலாறும் அத்தகையதே அன்றோ!

1951ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள், பிரதமர் ஜவகர்லால் நேரு திவான் தேவ்டியிலேயே அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார். ஒருவர் தனியே கண்டு மகிழ்ந்தவற்றை அன்றுமுதல் யாரும் காணலாயினர். எனினும் உரிமை வழக்கு முடியவில்லை. நெடிய பேச்சுகளுக்குப் பின் வாரிசுதாரர்கள் சேகரத்தைப் பிரிக்காமல் நாட்டிற்கு விட்டுக்கொடுக்க இசைந்தனர். அந்த உடன்பாட்டின்படி 1959இல் ஆந்திர உயர்நீதிமன்றம் தீர்ப்பாணை வழங்கியது. 1961இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் இது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. சாலார் ஜங்கின் பெயரைப் பேசும் நாம், விட்டுக்கொடுத்த அந்த உறவினரையும் நன்றியோடு நினைத்தல் வேண்டும். வாங்குவதற்குச் செல்வம் போதும். விட்டுக்கொடுப்பதற்கு மனம் வேண்டும்.

1968இல் மூசிக் கரையில் எழுந்த புதிய கட்டடத்திற்கு அருங்காட்சியகம் இடம்மாறியது. பின்னர் அதன் இருபுறமும் எழுந்த கட்டடங்களுக்குப் பாட்டனார் மீர் துராப் அலி கான், தந்தையார் மீர் லாயிக் அலி கான் ஆகியோரின் பெயர்களைச் சூட்டினர். காணாத முன்னோரின் பெயர்கள் அவர் சேர்த்த பொருள்களுக்கு இருபுறமும் அரணாக நிற்கின்றன. திவான் தேவ்டி அரண்மனையோ இன்று இல்லை. அவ்விடத்தில் கடைகள் நிறைந்துள்ளன.

குறைகள்

புகழ்வதோடு நிறுத்திக்கொள்வது வாழ்க்கை வரலாறு ஆகாது. சாலார் ஜங் அளவின்றி வாங்கினார். சலித்து எடுக்கவில்லை என்பது கலைநூலார் கூறும் குறை. அவர் திரட்டிய ஐரோப்பிய ஓவியங்களிலும் சிலைகளிலும் படிகள் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் விற்பனைக்கென்றே செய்யப்பெற்றவையும் உண்டு. மணிக்கற் கலங்கள், சுவடிகள், நுண்ணோவியங்கள் ஆகிய கீழைநாட்டுப் பொருள்களே மிகவும் உயர்ந்தவை என்பது அவர்கள் கருத்து. இக்குறை உண்மையே. ஆயினும் மக்கள் கூட்டம் சேர்வது எங்கே? ஒவ்வொரு மணிக்கும் சிறு பொம்மை மனிதன் வெளியே வந்து மணி அடித்துச் செல்லும் குக் அண்ட் கெல்வி கடிகாரத்தின் முன்னர். முன்புறம் செருக்கு மிகுந்த மெபிஸ்டாபிலிசாகவும் பின்புறம் தலை கவிழ்ந்த மார்கரெட்டாகவும் ஒரே மரத்தில் செதுக்கிய சிலையின் முன்னர். அறிஞர் தேர்வும் மக்கள் தேர்வும் ஒன்றாவதில்லை. இரண்டிற்கும் இடம் தந்தது அவருடைய வரம்பின்மையே.

மற்றொரு குறை இதனினும் பெரிது. அவர் வாழ்ந்த காலத்திலேயே ஊழியர் கைகளில் மறைந்தவை உண்டு என்றும், 1968இல் இடம்மாறியபோது காணாமற் போனவை உண்டு என்றும் நெடுங்காலமாகப் பேசப்படுகின்றது. அவர் சேர்த்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பது பாதியே என்று நம்புவோரும் உளர். தொடக்கந்தொட்டு ஒவ்வொரு பொருளும் வந்த நாளும், வந்த வழியும், தந்த விலையும் குறித்த முழுமையான பதிவேடு இருந்திருப்பின் இத்தகைய பேச்சிற்கு இடமே இராது. சேர்க்கும் வேட்கை குறித்து வைக்கும் பொறுமையை விழுங்கிவிட்டது போலும்.

இவ்விடத்தில் நம் திருமுக்கூடல் கோயிற் சுவரை நினையாமல் இருக்க இயலவில்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இவ்வூரின் வேங்கடேசப் பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு உள்ளது. கோயிலைச் சார்ந்து நடந்த கல்விச்சாலையையும், 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையையும் அது கூறுகின்றது. மருத்துவர் யார், பணியாளர் எத்தனை பேர், அவர்களுக்கு அளக்க வேண்டிய நெல் எவ்வளவு, இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள் எவை என்று அனைத்தையும் அது எண்ணி எழுதியிருக்கின்றது. அந்த மருத்துவமனை இன்று இல்லை. அந்த மருந்துச் சாடிகளுள் ஒன்றும் எஞ்சவில்லை. ஆயினும் பட்டியல் எஞ்சியிருப்பதால் அது இருந்தது என்பதை எவரும் மறுக்க இயலாது. ஐதராபாத்தில் பொருள் நின்றது, பட்டியல் நிறையவில்லை. இங்கே பொருள் அழிந்தது, பட்டியல் நின்றது. இரண்டும் சேர்ந்தே தொகுப்பு முழுமை பெறுகின்றது.

நாம் கொள்ளத்தக்கது

சாலார் ஜங் நாட்டை ஆண்ட காலம் சிறிது; அதனைப் பற்றி எழுதுவதற்கு மிகுதியாக ஏதுமில்லை. நாடகம் போன்ற நிகழ்ச்சிகளும் அவர் வாழ்வில் இல்லை. 35 ஆண்டுகள் தளராமல் ஒன்றையே செய்தார் என்பதுதான் அவர் வரலாறு. பெயர் தெரியாத குயவர், கண்ணாடி ஊதுவோர், வெள்ளி வேலைக்காரர் ஆகியோரின் கைத்திறன் அவரால் ஒரு கூரையின்கீழ்ச் சேர்ந்தது. அவ்வேலைப்பாட்டில் மிகச் சிறு பகுதியையேனும் செய்தவர் பெயரோடு நாம் அறியோம். அவர்கள் பாடிய புலவர்கள் என்றால், இவர் நற்றிணை தொகுத்த அந்தப் பெயரறியாத் தொகுப்பாளரின் வழியில் வந்தவர். பெயர் மட்டும் எஞ்சும் பேறு பெற்றவர்.

நம் வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்கின்றது. இப்பத்தாண்டில் நம் அமர்வுகளில் படிக்கப்பெற்ற கவிதைகளுள் நூலாக வெளிவந்தவை சில. தாள்களில் கிடப்பவை பல. படித்தவர் நினைவில் மட்டும் இருப்பவை அவற்றினும் பல. அவை மணிக்கல்லா, பீங்கானா, வெறும் பொம்மையா என்று இன்று நாமே தீர்ப்புக் கூற வேண்டியதில்லை. எந்த நாளில், எந்த இடத்தில், யார் படித்தது என்று ஒவ்வொன்றையும் ஒரு பேரேட்டில் குறித்து, படிகளை ஓரிடத்தில் சேர்த்து வைப்பது நம்மால் இயலும் செயல். வீட்டில் பாட்டியின் வெள்ளிக் குங்குமச் சிமிழோ, பழைய கண்ணாடிச் சரவிளக்கோ, ஒரு பீங்கான் சாடியோ இருப்பின், அது யாருடையது, எவ்வாறு வந்தது என்பதனை முதியோரிடம் கேட்டு எழுதி அதனோடு வைப்பதும் அத்தகைய செயலே. அடுத்த பத்தாண்டின் முதற்பணியாக இவ்விரண்டையும் உறுப்பினர்கள் மேற்கொள்வார்களாக.